மட்கார்டு மாட்ட இரண்டு நாள்

நாகநாதனிடம் ஒரு சைக்கிளைக் கொடுத்தால் அது சீக்கிரத்தில் சரியாகாது. சரியாகிவிடாமல் அவர் பார்த்துக்கொள்வார்.

வேலை தெரியாத மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். பஞ்சர் ஒட்டுவதும் செயின் மாற்றுவதும் அந்தக் கைகளுக்கு விளையாட்டு. சக்கரத்துக்கு மேல் மட்கார்டு மாட்டுவது கொஞ்சம் பொறுமை கேட்கிற வேலை. அதையும் காலைப் பசியாறிவிட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துக் கையைக் கழுவிவிடுவார், முடிக்க வேண்டும் என்று மனசு வைத்தால். மனசு வைப்பதில்தான் சிக்கல். முடித்துவிட்டால் சைக்கிளின் சொந்தக்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவருடைய வீடு ஜெலுத்தோங்கில், ஒரே மாதிரி ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசையில் இருந்தது. மனைவி இந்திராணி, மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு விமானம் ஏறினாள். பிறந்த குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. நடுவில் இன்னொன்றும் பிறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். பேரப்பிள்ளைகள் திரையில் முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். இந்திராணி மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், இவர் ஆச்சு என்பார். சண்டை இல்லை, கோபம் இல்லை. யாரும் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. ஆனால் திரும்பி வரவும் இல்லை.

வீட்டில் ஆள் நடமாட்டம் வேண்டும் என்பதற்காக அவர் கண்டுபிடித்த வழிதான் சைக்கிள்காரர்கள். நாடு நாடாகச் சைக்கிளில் சுற்றுகிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. அவர்களுக்குக் காசு வாங்காமல் படுக்க இடம் கொடுக்கிறவர்கள் ஓர் இணையதளத்தில் பெயர் பதிந்து வைத்திருக்கிறார்கள். நாகநாதனும் பதிந்தார். தனி அறை உண்டு, குளிக்க வெந்நீர் உண்டு, சைக்கிள் பழுது பார்க்கப்படும் என்று போட்டார். அந்த மூன்றாவது வரிதான் தூண்டில். டச்சுக்காரத் தம்பதி வந்தார்கள், ஒரு ஜப்பானிய வாத்தியார் வந்தார், பிரேசிலிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள், பிரான்ஸிலிருந்து ஒரு ஜோடி வந்தது. எல்லாரும் ஓர் இரவுக்கென்று வந்தவர்கள். ஓர் இரவோடு போனவர் யாருமில்லை. பின்சக்கரம் லேசாக ஆடுகிறது என்பார் நாகநாதன். பிரேக் கேபிள் இன்னும் நூறு கிலோமீட்டர்கூடத் தாங்காது என்பார். சாமான் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும் என்பார். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: யாருடைய சைக்கிளையும் அவர் கெடுத்ததில்லை. கெடுக்கக் கை வராது. தாமதம் செய்வதோடு சரி.

மழைக்காலம் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், நோர்வேயிலிருந்து அனுஜா என்று பெயர் போட்டிருந்த ஆள் வந்து சேர்ந்தாள். கேட்டைத் திறக்கப் போனவர் வழக்கம்போல இங்கிலீஷில் வரவேற்கத் தயாராக இருந்தார்.

"நாகநாதன் அண்ணையின்ர வீடு இதுதானோ?" என்றாள் அவள்.

நாற்பதைத் தாண்டியவள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிச் சைக்கிளைச் சுவரில் சாய்த்தபோது முதுகு தெரிந்தது. இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரே கோடாகச் சேறு. மட்கார்டு இல்லாமல் மழையில் ஓட்டியதற்கான அடையாளம். அதைப் பார்க்கும்போதே நாகநாதனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியதைச் சொல்லத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணப் பேச்சு. அவருடைய தாத்தாவும் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கிளார்க்காக வந்தவர். அந்தப் பேச்சு வீட்டில் எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. ஆனால் அவரைத் தாக்கியது அதுவல்ல. இத்தனை விருந்தாளிகளில் தமிழ் பேசிக்கொண்டு வாசல் ஏறியவள் இவள் ஒருத்திதான். வலது பக்கத்து வீட்டோடு மலாயில் பேசுவார், இடது பக்கத்தோடு ஹொக்கியன் சீனமும் மலாயும் கலந்து பேசுவார். இந்தச் சுவர்களுக்குள் ஓர் ஆளைப் பார்த்து வாய் நிறையத் தமிழ் பேசி எவ்வளவு காலமாயிற்று என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவளை லேசில் விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

சைக்கிளின் பின்னால் கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றி நீளமாக எதையோ கட்டியிருந்தாள். "புது மட்கார்ட் அண்ணை. பழசு ரெண்டும் பிளேனில நசிஞ்சு போச்சு. கோலாலம்பூரில வாங்கினன், பூட்டுறதுக்கு ஆள் கிடைக்கேல்ல. நீங்கள் பூட்டித் தருவியளோ?"

"அதுக்கென்ன, செஞ்சிடலாம். எப்ப கெளம்பணும்?"

"நாளைக்கு எண்டுதான் நினைச்சன்," என்றவள் சற்று நிறுத்தி, "பாப்பம்" என்றாள்.

மறுநாள் காலையில் வேலை ஆரம்பமானது. காரை விற்றபிறகு காலியாகிப்போன முன்பக்கத்துப் போர்ச்தான் அவருடைய பட்டறை. சைக்கிளைத் தாங்கியில் தூக்கி மாட்டினார். டயரையும் மட்கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற அளவு இடம் வேண்டும். அதுவும் மேலே ஒரு விரல், பின்னால் அரை விரல் என்று கோணல்மாணலாக இல்லாமல் சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். இடம் குறைந்தால் உரசும், சேறு அடைத்துக்கொள்ளும். கல்லோ குச்சியோ சிக்கினால் முன்சக்கரம் நின்று ஆளைத் தூக்கி எறியும். அனுஜாவின் டயர்கள் கொஞ்சம் தடித்த ரகம். வாங்கிய மட்கார்டோ அதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. பார்த்த மாத்திரத்தில் நாகநாதனுக்கு அது தெரிந்துவிட்டது.

"டயர் தடிப்பா இருக்கே தங்கச்சி," என்று தலையை ஆட்டினார். "ஒரசும் போலிருக்கு."

மட்கார்டை அதன் இடத்தில் பிடித்து மேல் போல்ட்டை மாட்டினார். இரண்டு பக்கமும் தாங்குகிற கம்பிகளை அச்சுக்குப் பக்கத்தில் முடுக்கும்போது, இடது பக்கத்துக் கம்பியை மயிரிழை அளவு உள்ளே இழுத்துவிட்டார். சக்கரத்தைச் சுழற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்ஸ் கேட்டது.

"கேட்டீங்களா?" என்றார், பெரிய கெட்ட செய்தியைச் சொல்கிறவர் போல.

"கேட்டுது," என்றாள் அனுஜா. முகத்தில் கவலை ஒன்றும் இல்லை. வாசற்படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் ஏதோ ஒரு போல்ட் நீளம் போதவில்லை என்று சொல்லிவிட்டு நூர் முகம்மதுவின் ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பினார். நானும் வாறன் என்று அவளும் கூடவே வந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் அகப்படவில்லை. பாசார் என்கிற சந்தைக்கு எதிரே இருக்கும் கடை அது. நாகநாதன் கேட்டதைக் கேட்டுவிட்டு நூர் முகம்மது பணிவாகத்தான் சொன்னார்.

"அண்ணே, இந்தச் சைஸ் உங்க வீட்லயே ஒரு டின் நெறையக் கெடக்குமே. போன மாசந்தானே வாங்கினீங்க."

"அது வேற சைஸ்லா."

நூர் முகம்மது நிமிர்ந்து பார்த்தார். நாகநாதனுக்குப் பின்னால் நின்று ஆணிப் பெட்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணையும் பார்த்தார். அப்புறம் குனிந்து மேசை இழுப்பறையைத் திறந்தபடி, "ஆமா, மறந்துட்டேன், அது வேற சைஸ்தான்," என்றார். "ஆனா இது இப்ப ஸ்டாக் இல்ல. நாளைக்கு வந்து பாருங்க."

நல்ல மனுஷர். அவர் காலையில் கடை திறந்தால் பூட்டும்வரை ஆட்களோடு இருப்பவர். வீட்டில் ஆறு பிள்ளைகள். இருந்தாலும் அவருக்குப் புரிந்தது.

இப்படியாக அன்று போயிற்று, அடுத்த நாளும் வந்தது. நாகநாதன் காலையிலிருந்து சக்கரத்துக்குள் தலையை விட்டபடி இருந்தார். ஒரு கம்பியை வெட்டினார், ராவினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். வேலை நடப்பது போலவும் இருக்க வேண்டும், முடியவும் கூடாது. உண்மையான வேலையைவிட இது பெரும்பாடு. வியர்த்துக் கொட்டியது.

அனுஜா படியில் உட்கார்ந்து அவருடைய முதுகோடு பேசிக்கொண்டிருந்தாள். பேர்கனில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாளாம். அங்கேயும் எப்போது பார்த்தாலும் மழைதானாம். கணவனோடு பிரிந்தாயிற்று. லீவையெல்லாம் சேர்த்து வைத்துச் சிங்கப்பூரிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருக்கிறாள்.

"எங்கட இல்லத்தில ஒரு கிழவி இருக்கிறா," என்றாள். "மணி அடிச்சு எங்களைக் கூப்பிட்டு நேரம் என்ன எண்டு கேப்பா. நாளுக்குப் பத்துத் தரம். கையில மணிக்கூடு கட்டியிருப்பா."

"ம்," என்றார் நாகநாதன். நட்டு ஒன்று கைநழுவி விழுந்து உருண்டது. அதைத் தேடிக் குனிந்தார்.

"முதல்ல எங்களுக்கு எரிச்சலாத்தான் இருந்தது. இப்ப நாங்கள் போய் கட்டிலில இருந்து நேரம் சொல்லுவம்."

"ம்ம்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. காது கேட்காமல் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தக் குரல் போர்ச் முழுக்க நிறைந்திருந்ததே அவருக்குப் போதும் போல இருந்தது. ஆனால் திரும்பி உட்கார்ந்து, ஸ்பேனரைக் கீழே வைத்து, அப்புறம் என்றோ, ஏன் என்றோ கேட்டுவிட்டால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் அவள் இங்கே இருப்பதற்கு என்ன காரணம்?

சாயங்காலம் மழை விட்டது. அனுஜா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"தண்ணீர்மலைக்குப் போவமோ அண்ணை? முருகன் கோயில் மலைக்கு மேல எண்டு சொல்லுகினம். ரெண்டு பேருமாப் படி ஏறிப் போட்டு வருவம்."

நாகநாதனுக்கு நெஞ்சு ஒரு தரம் எகிறிக் குதித்தது. படியேறி முருகனைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. தைப்பூசத்தன்று கூட்டத்தோடு கூட்டமாகப் போவதுகூட இந்திராணி போனபிறகு நின்றுவிட்டது. பேசிக்கொண்டே ஏறலாம், மேலே காற்றில் நின்று விளக்குகளைப் பார்க்கலாம். எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தது. கூடவே அந்தப் பாழாய்ப்போன கணக்கும் வந்தது. கோயிலுக்குப் போக நேரம் இருக்கிற மனுஷருக்கு மட்கார்டு மாட்ட நேரம் இல்லையா என்று அவள் நினைத்துவிட்டால்?

"நீங்க போய்ட்டு வாங்க தங்கச்சி. இந்த முன் சக்கரத்த விட்டா ஒங்களுக்கு லேட்டாயிடும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு தனியாகப் போனாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் நாகநாதன் ஸ்பேனரைத் தூக்கிப் பெட்டியில் போட்டார். காலியான படியைப் பார்த்துக்கொண்டு, வெளிச்சம் மங்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் போட்ட பூட்டுக்குள் அவரே மாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வரும்போது மறுபடியும் சக்கரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். கை முழுக்க கிரீஸ். காகிதப் பொட்டலத்தைப் பிரித்து அவளே அவர் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டாள். மூன்று விரல், சில்லென்று இருந்தது. தன்னை ஓர் ஆள் தொட்டு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று யோசித்தார். போன வருஷம் கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்தபோதுதான் கடைசி. அந்த நினைப்பில் கண் கலங்கியது. கிரீஸ் கையோடு துடைக்கவும் முடியவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் எழுந்து வந்தபோது, போர்ச்சில் அனுஜாவின் பைகள் நான்கும் கட்டித் தயாராக இருந்தன.

"இண்டைக்கு மத்தியானம் வெளிக்கிடோணும் அண்ணை. நாளைக்கு என்ர அக்கா தாய்லாந்தில ஹாட்யாய்க்கு வாறா. அக்கரைக்குப் போய்ப் பட்டர்வொர்த்தில ரயில் எடுக்கோணும்."

"முன் சக்கரம் இன்னும் ஒரசுதே தங்கச்சி. அந்த போல்ட் இன்னிக்கு வந்துடும். ஒரு நாள் மட்டும்…"

"உரசேல்ல அண்ணை," என்றாள் மெதுவாக. "நீங்கள் உரச விட்டிருக்கிறியள்."

நாகநாதன் இடது பக்கத்துக் கம்பியைப் பார்த்தார்.

"கோவிக்காதேங்கோ. எனக்கு வரமுதலே தெரியும்," என்று அவள் படியில் உட்கார்ந்தாள். "மலாக்காவில ஒரு தேத்தண்ணிக் கடையில பிரான்ஸ்காரர் ரெண்டு பேரைக் கண்டன். அவை தெற்கால போகினம், நான் வடக்கால வாறன். நாங்கள் ரோட்டில எதிரும் புதிருமாச் சந்திச்சா மறிச்சு வழி கேக்கிறது வழமை. எங்க நல்ல சாப்பாடு, எங்க நாய் துரத்தும், எங்க படுக்கலாம் எண்டு. அவை சொல்லிச்சினம், பினாங்கில நாகநாதன் வீட்டுக்கு ரெண்டு நாள் கூட ஒதுக்கி வை எண்டு."

"ஏன்?"

"சைக்கிளில ஒரு பிழையும் இராது, ஆனா அவர் ஒண்டைக் கண்டுபிடிப்பார். வாதாடாத, நில் எண்டு சொன்னவை. அவைக்கு ஒரு ஜப்பான்காரர் சொன்னவராம்."

பிரான்ஸ்காரர்களை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பிரேக் கேபிள் என்று சொல்லித்தான் அவர்களை நிறுத்தி வைத்திருந்தார். அந்தப் பெண் வீட்டைக் கூட்டிப் பெருக்கினாள். அவன் ஒரு நாள் முட்டைக்கோஸ் சூப் வைத்தான். தான் கில்லாடித்தனமாக அவர்களை மடக்கிவிட்டதாக நாகநாதன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. ஜப்பான்காரருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? டச்சுக்காரர்களா? அப்படியானால் எல்லாருக்கும் தெரியும். நூர் முகம்மதுவுக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து சியாம் வரை ரோட்டில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் தெரிந்த கதையை அவர் தன் ரகசியம் என்று பொத்தி வைத்திருக்கிறார். இத்தனை காலமும் அடுத்தவர்களுடைய நாட்களைத் திருடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் அவற்றைப் பாவம் பார்த்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். காது சூடேறியது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

"குத்திக் காட்டுறதுக்குச் சொல்லேல்ல," என்றாள் அனுஜா. "நான் ரெண்டு நாளும் ஒதுக்கித்தான் வந்தனான். உங்களோட இருக்கத்தான் வந்தனான். ஆனா நான் கண்டது உங்கட முதுகைத்தான் அண்ணை. கதைச்சா ம் எண்டுறியள். கோயிலுக்கும் வரேல்ல."

அதுதான் சரியான இடத்தில் போய் விழுந்தது. ஊருக்குத் தெரிந்துவிட்டது என்ற வெட்கத்தைக்கூடச் சமாளித்திருப்பார். இது வேறு. ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். அந்த ஜப்பானிய வாத்தியாருக்கு எத்தனை பிள்ளைகள்? தெரியாது. பிரேசில்காரத் தம்பி எதற்காக ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தான்? கேட்டதில்லை. அவர்களுடைய சைக்கிள்களின் ஒவ்வொரு பற்சக்கரப் பல்லும் ஞாபகம் இருந்தது. பிடித்து வைத்த நாட்களையெல்லாம் குனிந்தே கழித்திருக்கிறார்.

சைக்கிளுக்கு அருகில் போய் எல்லா நட்டுகளையும் தளர்த்தினார்.

"இந்தப் பக்கம் வந்து புடிங்க," என்றார்.

அனுஜா சக்கரத்துக்கு அந்தப் பக்கம் வந்து மட்கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தனி ஆளாகச் செய்தால் மட்கார்டு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். எதிரே ஓர் ஆள் நேராகப் பிடித்துக்கொண்டால் வேலை சுலபம். இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் பிடிக்கச் சொன்னதில்லை. டயரின் நடுக்கோட்டுக்கு நேராக நிறுத்தி மேல் போல்ட்டைப் பாதி முடுக்கினார். கம்பிகளை இடமும் வலமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஆரக்கால்களுக்கு நடுவே அவள் முகம் தெரிந்தது. இடது புருவத்தின் மேல் ஒரு சின்னத் தழும்பு இருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

"அது எப்படி வந்துச்சு?"

"சின்னனில ஊஞ்சலால விழுந்தனான்," என்றாள். "இப்பதான் கண்டனீங்களோ?"

"இப்பதான் கண்டேன்."

அவள் படியில் வைத்துவிட்டு வந்த தேத்தண்ணி ஆறுவதற்குள் இரண்டு சக்கரமும் முடிந்துவிட்டன. சுழற்றிவிட்டார். சத்தமே இல்லை. விரலை உள்ளே விட்டுச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தார். ஒரே சீராக இருந்தது.

"இவ்வளவுதானோ?" என்றாள் அனுஜா.

"இவ்வளவுதான்." ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையில் எதுவும் இல்லாமல் நிற்பது சிரமமாக இருந்தது. இருந்தும் நின்றார். "தங்கச்சி, இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்களேன். சைக்கிள் சரியாயிடுச்சு. வேல ஒன்னும் இல்ல. சும்மாதான் கேக்குறேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நேற்றுக் கேட்டிருந்தா அக்காவைப் பிந்தி வரச் சொல்லிப்போட்டு நிண்டிருப்பன் அண்ணை. இப்ப அவ வெளிக்கிட்டிட்டா. அக்கா தனிய வந்து ஸ்டேசனில நிப்பா. முதல்தரம் வெளிநாடு வாறா."

"சரி, சரி. அவங்கள நிக்க வைக்கக் கூடாது."

வழக்கமாகக் கேட்டோடு விடைகொடுத்துவிடுவார். அன்று தன்னுடைய சைக்கிளையும் வெளியே எடுத்தார். படகுத்துறைக்கு வழி காட்டுவதாகச் சாக்குச் சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, "நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார். பாதி வழியில் மழை கொட்ட ஆரம்பித்தது. பஸ்களும் மோட்டார்சைக்கிள்களும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. முன்னால் அனுஜா போனாள். அவளுடைய பின்சக்கரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது, ஒரு பொட்டுச் சேறுகூட முதுகுக்கு ஏறவில்லை. தான் மாட்டிய மட்கார்டு மழையில் ஓடுவதை நாகநாதன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வேலை நன்றாக வந்திருந்தது. அதில் பெருமைப்படாமல் இருக்க அவரால் முடியவில்லை.

துறையில் நிற்காமல் அவளோடு படகிலும் ஏறிவிட்டார். சைக்கிள்களை ஓரமாகக் கட்டிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பழுது பார்க்க எதுவும் இல்லை. அக்கரைக்குப் போகிற நேரம் கொஞ்சம்தான்.

"வீட்டுக்காரி எப்ப வருவா?" என்று கேட்டாள்.

வருகிற தீபாவளிக்கு என்று சொல்வதுதான் அவர் வழக்கம். "வரமாட்டா," என்றார். "அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்லிக்கிறதில்ல."

"நீங்கள் அங்க போகலாந்தானே?"

"போனேன். ஆறு வாரம் இருந்தேன். அங்க எல்லாருக்கும் ஒரு வேல இருக்கு. எனக்கு மட்டும் இல்ல. யாருக்கும் தொந்தரவு இல்லாம எங்க ஒக்காரலாம்னு இடம் தேடிக்கிட்டே இருந்தேன்."

அனுஜா தலையை ஆட்டினாள். ஆறுதல் சொல்ல வரவில்லை. தன் பேர்கன் வீட்டில் சாப்பாட்டு மேசையை விற்றுவிட்டதாகவும், நின்றபடியே சாப்பிட்டுவிடுவதாகவும் சொன்னாள். ஏன் என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் மறுபடியும் கேட்டார். அந்தப் படகுப் பயணத்தில் அவர்கள் பேசியது போர்ச்சில் கழிந்த நாட்களில் பேசியதைவிட அதிகம்.

பட்டர்வொர்த்தில் இறங்கும்போது அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "திரும்பி வருவன் எண்டு பொய் சொல்லமாட்டன் அண்ணை. இந்தப் பக்கம் இனி வரமாட்டனெண்டுதான் நினைக்கிறன்."

"தெரியும். பாத்துப் போங்க."

அவள் மழைக்குள் போய்விட்டாள். அதே படகில் நாகநாதன் திரும்பினார். முன்பு அவள் இருந்த இருக்கையில் யாரோ ஈரக்குடையை வைத்திருந்தார்கள். வெறுமை என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் தெளிவாகச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

பாதிக் கடலில் போன் சிணுங்கியது. அந்த இணையதளத்திலிருந்து செய்தி. குளுவாங் ஊரைச் சேர்ந்த இக்மல் என்று ஓர் ஆள், மலாயில் எழுதியிருந்தான். நாளை பினாங்குக்கு வருகிறானாம், ஒரு ராத்திரி தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தான். பின் பிரேக் வேறு சத்தம் போடுகிறதாம், நேரம் இருந்தால் பார்க்க முடியுமா?

நேற்றாக இருந்தால் நாகநாதன் மனம் குளிர்ந்து போயிருப்பார். சத்தம் போடும் பிரேக்கை வைத்து ஒரு வாரம்கூட ஓட்டலாம். விரல் பழக்க தோஷத்தில், எதற்கும் கொண்டு வாருங்கள், பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று பாதி எழுதிவிட்டது. அழித்தார்.

"பிரேக் பத்து நிமிஷ வேலை, வந்ததும் முடித்துவிடலாம்," என்று மலாயிலேயே எழுதினார். "வீட்டில் நான் ஒருத்தன்தான். முடிந்தால் ரெண்டு நாள் இருங்கள். எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை."

கடைசி வாக்கியத்தை எழுதக் கை கூசியது. முன்பின் தெரியாத ஆளிடம், அதுவும் கையில் ஸ்பேனர் இல்லாமல், பிச்சைக்காரன் மாதிரி. ஆனாலும் அனுப்பிவிட்டார்.

ஜார்ஜ் டவுன் கரை நெருங்கியது. ஆட்கள் எழுந்து மோட்டார்சைக்கிள்களை முடுக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பதில் வந்தது. மன்னிக்கணும் பாக்சிக், மறுநாள் அலோர் ஸ்டாரில் இருந்தாக வேண்டும், ஒரே ராத்திரிதான் முடியும் என்று மாமா முறை வைத்து எழுதியிருந்தான்.

நாகநாதன் அதை இரண்டு தரம் படித்தார். வாய்விட்டுக் கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்குவது இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தார். நெஞ்சில் நன்றாகவே வலித்தது. படகு துறையில் முட்டி நின்றது. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எழுதினார்.

"சரி, வாங்க. காலையிலேயே வந்துடுங்க."